வெள்ளையடிப்பதற்குள் எடுத்து வைப்போம்: கொழிஞ்சாம்பாறைச் சுவரெழுத்து ஆவணப் பணிக்கு நன்கொடை வேண்டுகோள்

கொழிஞ்சாம்பாறை, நாட்டுக்கல், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் வட்டாரத்து ஊர்க்காரர்களுக்கும், இங்கிருந்து கோவை, திருப்பூர், கல்ஃப் என்று பிழைக்கப் போன சொந்தங்களுக்கும் வணக்கம்.

நம் பக்கத்துச் சுவர்களில் கையால் எழுதிய தேர்தல் எழுத்து, கடை விளம்பரம், கோஷம், படம் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, எழுதியவர்களின் பேச்சையும் பதிவு செய்து, ஒரு புத்தகமாகவும் யாரும் காசில்லாமல் பார்க்கக்கூடிய இணையத் தொகுப்பாகவும் கொண்டுவர எங்கள் வாசகசாலைக் குழு முடிவு செய்திருக்கிறது. மொத்தச் செலவு 3 லட்சம் ரூபாய். கையில் இருப்பது 40 ஆயிரம்.

“சுவத்துல கிறுக்குனதுக்கு மூணு லட்சமா?” என்று கூட்டத்திலேயே ஒரு பெரியவர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

நியூயார்க்கில் 1970களில் பையன்கள் ரயில் பெட்டிகளிலும் சுவர்களிலும் தங்கள் பெயரை எழுதித் தள்ளினார்கள். ‘டாக்கி 183’ என்று ஊரெங்கும் எழுதிய ஒருவனைப் பற்றி 1971ல் அங்குள்ள பெரிய நாளிதழே செய்தி போட்டது. நகரப் போக்குவரத்து நிர்வாகம் விடாமல் துடைத்து, 1989ல் ரயில்கள் சுத்தமாகிவிட்டன என்று அறிவித்தது. மார்த்தா கூப்பர், ஹென்றி சால்ஃபன்ட் என்ற இரண்டு பேர் அதற்கு முன்பே அலைந்து படம் எடுத்து 1984ல் புத்தகம் போட்டிருந்தார்கள். அந்த ரயில்களைப் பற்றிப் பேசுகிற எவரும் இன்றைக்கும் அந்தப் படங்களைத்தான் புரட்டுகிறார்கள். இங்கே ஃபோர்ட் கொச்சியில் 2012ல் பினாலே என்ற கலைக் கண்காட்சி தொடங்கியதிலிருந்து வருகிறவர்கள் எல்லாம் அந்தச் சுவர்களைப் படம் பிடிக்கிறார்கள். நம் சுவர்ப்பக்கம் யாரும் கேமராவைத் திருப்பவில்லை.

ஆனால் நம் சுவரில் இருப்பது அங்கே கிடையாது. பாலக்காட்டுக்குக் கிழக்கே உள்ள நம் சித்தூர் தாலுகா கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது. சுற்றிலும் மதராஸ் மாகாணத்தின் மலபார், கோயம்புத்தூர் ஜில்லாக்கள். 1956 நவம்பரில் சித்தூரும் மலபாரும் கேரளம் ஆயின, நம் வீட்டுப் பேச்சு மட்டும் தமிழாகவே நின்றது. அதனால் தேர்தல் வந்தால் ஒரே சுவரில் மேலே மலையாளம், நடுவில் சின்னம், கீழே தமிழ். இரண்டையும் எழுதுவது ஒரே கை.

நாட்டுக்கல் பக்கத்து ஆர்ட்டிஸ்ட் ஒருவர் எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தோம். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து இரண்டு கை அடித்தார். காய்ந்ததும் கலர்ப் பொடியில் தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டார். மலையாள எழுத்துக்குப் பிரஷை உருட்டி உருட்டித் திருப்பினார். தமிழில் ‘ட’ வந்ததும் தட்டைப் பிரஷை ஒரே இழுப்பு. நிழல் கடைசியில்தான். அப்புறம் ஓரத்தில் சுண்டுவிரல் உயரத்துக்குத் தன் பெயர். நியூயார்க் பையன்கள் பெரும்பாலும் தங்கள் பெயரைத்தான் எழுதினார்கள். நம் ஆள் அடுத்தவர் பெயரை ஆளுயரத்துக்கு எழுதிவிட்டுத் தன் பெயரை மூலையில் ஒதுக்கிக்கொண்டார். அந்த மூலைப் பெயர்களை வைத்துத்தான் பழைய ஆர்ட்டிஸ்டுகளைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம் பக்கம் மலை மறைப்பதால் மழை குறைவாகப் பெய்யும் மழை மறைவுப் பகுதி என்பது இந்த ஒரு விஷயத்தில் லாபம். பாலக்காட்டின் மேற்கே ஒரு மழைக்காலம் தாங்காத எழுத்து இங்கே பல வருஷம் நிற்கிறது. சுண்ணாம்பு உரிந்த ஒரு மில் சுவரில் உர விளம்பரத்துக்கு அடியில் ஒரு சின்னம், அதற்கும் அடியில் சினிமாக் கொட்டகையின் பெயர்.

பிளெக்ஸ் வந்து இந்தத் தொழிலைப் பாதி தின்றுவிட்டது. 2019ல் கேரள அரசு பிவிசி பிளெக்ஸுக்குத் தடை போட்டபோது சிலருக்கு மறுபடி வேலை வந்தது. அதற்குள் பலர் வீட்டுப் பெயின்டிங்குக்குப் போய்விட்டார்கள், சிலர் கண் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்கள்.

பிளாச்சிமடை தண்ணீர்ப் போராட்டம் 2002ல் தொடங்கியது. 2004ல் குளிர்பான ஆலை நின்றது. அந்தக் காலத்துச் சுவர்க் கோஷங்கள் யாரிடமாவது படமாக இருந்தால் அவசியம் கொடுங்கள். வீட்டு ஆல்பங்களையும் ஒருமுறை புரட்டுங்கள். கல்யாண வேனுக்குப் பின்னால், பஸ் ஸ்டாப்பில் நிற்கும் அத்தைக்குப் பின்னால் ஏதாவது ஒரு சுவர் இருக்கும். ஸ்கேன் செய்து அன்றைக்கே திருப்பித் தருவோம்.

பணம் எதற்கு? ஆர்ட்டிஸ்டுகளுக்குக் கூலிக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். பேச வருகிற நாளுக்கும், பழைய பாணியில் எழுதிக் காட்டுகிற நாளுக்கும் ஒரு நாள் கூலி கொடுத்தே தீருவோம். ‘கலைக்காக’ என்று ஓசியில் வேலை வாங்குவது எங்களுக்குப் பிடிக்காது. 500 பிரதி அச்சுக்கு 1 லட்சத்து 20 ஆயிரம். ஸ்கேன், இணையத் தொகுப்பு, வண்டிச் செலவு மீதி 60 ஆயிரம். கேமரா இரவல், குழுவினருக்குச் சம்பளம் இல்லை.

சுவரை அழிக்காதே என்று யாரிடமும் போய்ச் சொல்லப் போவதில்லை. வீட்டுக்காரர் வெள்ளையடிக்கட்டும், அது அவர் சுவர். அடிப்பதற்கு முந்தின நாள் எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். ராத்திரியில் எழுதி ஓடியவர்கள் பேச வந்தால், வேண்டாம் என்று சொல்கிற பெயரை எங்கேயும் போட மாட்டோம்.

100 ரூபாயும் வாங்கிக்கொள்வோம், ரசீது உண்டு. கட்சிகளிடமும் வேட்பாளர்களிடமும் வாங்குவதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம். வாசகசாலையில் மாலை 5 முதல் 8 மணி வரை பொருளாளர் இருப்பார். வெளியூர்க்காரர்கள் இங்குள்ள சொந்தக்காரர் மூலம் கேட்டால் வங்கிக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுப்பார். வரவு செலவு மாதாமாதம் வாசகசாலைப் பலகையில் ஒட்டப்படும். 1000 ரூபாய்க்கு மேல் தருபவர்களுக்குப் புத்தகம் ஒன்று வீடு தேடி வரும்.