ஒருசந்தி பற்றி அந்தோணிக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள அந்தோணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மதினிக்கு மூட்டுவலி குறைந்திருப்பதை அறிந்து மகிழ்ந்தேன். ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்து வெள்ளிக்கிழமையில் உன் பேரன் கோழிப் பிரியாணி வரவழைத்துச் சாப்பிட்டதைப் பற்றி இரண்டு பக்கம் வருந்தி எழுதியிருக்கிறாய். நாளுக்கு ஒருவேளை மட்டும் நிறைவாய் உண்ணும் ஒருசந்தியும், இறைச்சியை ஒதுக்கும் சுத்தபோசனமும் நம்மோடு முடிந்துவிட்டன என்றும் சொல்கிறாய். அதில் பாதியைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடிகிறது.

1966-இல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் கட்டாய ஒருசந்தியைத் தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்னும் இரண்டு நாள்களாகக் குறைத்தார். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டப்படி ஒருசந்திக் கடமை 18 வயதில் தொடங்கி 59 வயது நிறைந்ததும் முடிகிறது. சுத்தபோசனமோ 14 வயது நிறைந்தபின் ஆயுள் முழுவதும் உண்டு. ஆகவே உன் பேரன் தவறினான் என்பது சரிதான். ஆனால் அவனுக்கு எடுத்துக்காட்டாக நீ பெருமையோடு கிடக்கும் பட்டினியை, 59 வயதைத் தாண்டிவிட்ட உன்னிடம் யாருமே கேட்கவில்லை.

நம் வீடுகளில் நடந்ததெல்லாம் சட்டம் கேட்டதற்கு மேலேதான். எங்கள் ஆச்சி விபூதிப் புதனுக்கு முந்திய நாள் மீன் சட்டியைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, பரணில் கவிழ்த்துவிடுவாள். பாஸ்கு திருநாளான ஈஸ்டர் வரை அது இறங்காது. விபூதிப் புதன் முதல் பாஸ்குவுக்கு முந்திய சனி வரை 46 நாள். ஆறு ஞாயிறுகளைக் கழித்தால்தான் தவக்காலத்தின் 40 நாள் வரும். ஆச்சிக்கு இந்தக் கழித்தல் கணக்கெல்லாம் கிடையாது. மீனையும் சட்டம் தடுக்கவில்லை. உவரி, இடிந்தகரைப் பக்கத்து உறவினர்கள் வெள்ளிக்கிழமை மீன் குழம்பு வைப்பதாகச் சொன்னால் எங்கள் வீட்டில் முகம் சுளிப்பார்கள். எங்களுக்குக் கவிச்சி என்றால் கருவாடும் சேர்த்திதான். அடுத்த வீட்டுக்காரர்கள் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதமிருந்து திருச்செந்தூர் போய்வரும் தெருவில், மீனைத் தின்றுவிட்டு நாங்களும் விரதம் என்று சொல்லக் கூசியதும் ஒரு காரணம் என்று நான் நெடுநாளாக நினைக்கிறேன்.

பூசையில் நன்மை, அதாவது நற்கருணை, வாங்குவதற்கு முன் நள்ளிரவிலிருந்து பட்டினி கிடக்கும் வழக்கத்தை 1957-இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பயஸ் மூன்று மணி நேரமாக்கினார்; 1964-இல் அது ஒரு மணி நேரமாயிற்று. உரோமையில் மாறியது எங்கள் அம்மைக்கு மட்டும் எட்டவே இல்லை. வெறும் வயிற்றோடு அதிகாலைப் பூசைக்குப் போய்வந்து, எங்களுக்கெல்லாம் கருப்புக்கட்டிக் காப்பி ஆற்றிக் கொடுத்த பிறகே அவள் வாய் நனைப்பாள். ஒருசந்தி வீட்டுக்கு, பசி பெண்களுக்கு என்றுதான் அன்று இருந்தது. நீ ஏங்குகிற அந்தக் காலத்தில் இதுவும் உண்டு, மறந்துவிடாதே.

சென்னையில் வேலை பார்க்கும் என் பேத்தி இந்தத் தவக்காலத்துக்குத் தேநீரையும் இன்ஸ்டாகிராமையும் விட்டிருக்கிறாள். ஞாயிறன்று மட்டும் இரண்டும் உண்டாம். மிச்சமாகும் காசு, கோயிலில் கொடுத்த தவக்கால உண்டியலுக்குப் போகிறது. உறவில் சிலர் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எதை விடுகிறோம், ஏன் விடுகிறோம் என்று அவள் தானே யோசித்து முடிவெடுத்திருக்கிறாள். அந்த வயதில் நாம் அடுப்பில் என்ன வெந்ததோ அதைத் தின்றோம், அவ்வளவே. ஆனால் அவளுடைய தவம் அவளோடு ஒரே அறையில் இருக்கும் தோழிக்குக்கூடத் தெரியாது. அவள் தளர்ந்தால் தாங்கிப் பிடிக்க ஆளில்லை. ஆச்சியின் வீட்டிலோ ஒருவன் கவிச்சிக்கு ஆசைப்பட்டாலும் சட்டி பரணில் இருந்தது. போய்விட்டதென்று நான் வருந்துவது இப்படி வீடே சேர்ந்து தவமிருந்ததைத்தான், கடுமையை அல்ல.

ஆகவே பேரனைத் திட்டுவதை நிறுத்து. உங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை இரவு எல்லாருக்கும் கஞ்சிதான் என்று ஆக்கிப் பார். நீயும் அவனோடு உட்கார்ந்து குடி, மதினியையும் கூடவே உட்காரச் சொல். பெரிய வெள்ளிக்கு அவனையும் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு. சிலுவைப்பாதை முடிந்ததும் கோயில் வாசலில் கஞ்சி ஊற்றுவார்கள். தொட்டுக்கொள்ளக் காணத் (கொள்ளுத்) துவையல் வேண்டும் என்று நானும், சிறுபயறே போதும் என்று பங்குப் பேரவைக்காரர்களும் இப்போதே வாதாடிக்கொண்டிருக்கிறோம். நீ வந்தால் என் பக்கம் ஓர் ஆள் கூடும்.

அன்புடன்,
சூசை