289ல இருந்து 320 வரைக்கும் பக்கமே இல்லாத நாவல் பற்றின முறைப்பாடு

கிளிநொச்சி
ஓகஸ்ட் 30

வணக்கம்,

உங்கட ஒன்லைன் கடையில ஜூலை 12ஆம் திகதி ஓடர் பண்ணி, 19ஆம் திகதி கிளிநொச்சி கூரியர் ஒஃபிஸில கையெழுத்து வைச்சு எடுத்த நாவல் பற்றித்தான் இந்தக் கடிதம். வட்ஸ்அப்பில மூண்டு தரம் எழுதிப்போட்டன், போனில ரெண்டு தரம் கதைச்சிட்டன், ஒண்டும் நடக்கேல்லை, அதால எல்லாத்தையும் ஒரே இடத்தில வடிவா எழுதி அனுப்பிறன். தயவுசெய்து ஆராவது ஒருத்தர் கடைசி வரைக்கும் வாசியுங்கோ.

பிழை இதுதான். புத்தகம் 480 பக்கம். 288ஆம் பக்கம் முடிஞ்சு தாளைத் திருப்பினா 289 வரவேணும், ஆனா திரும்பவும் 257 வருது. 257ல இருந்து 288 வரைக்கும் அதே 32 பக்கம் ரெண்டாந்தரம் இருக்கு, அது முடிய நேர 321. இடையில உள்ள 32 பக்கம் புத்தகத்தில இல்லவே இல்லை. கிழிஞ்சு போகேல்லை, எங்களில ஆரும் கிழிக்கவும் இல்லை, கட்டேக்கயே இல்லாமத்தான் கட்டியிருக்கு. படம் எடுத்து அண்டைக்கே அனுப்பினனான், திரும்பவும் இதோட வைக்கிறன், பில்லையும் வைக்கிறன்.

இந்தப் புத்தகம் நான் தனிய வாங்கினதில்லை. நாங்கள் அஞ்சு பேர், எல்லாரும் ஒரே கார்மென்ற்ஸில வேலை, ஒரே பஸ்ஸில காலமை போய் பின்னேரம் வாறனாங்கள். புத்தகம் 2850 ரூபா, அனுப்பிற காசு 450, மொத்தம் 3300, ஆளுக்கு 660 போட்டு வாங்கினது. உங்களுக்கு 660 ரூபா சின்னக் காசா இருக்கலாம், எங்களில ஒராள் அந்த மாசம் ஓவர்ரைம் ரெண்டு நாள் கூட நிண்டுதான் தன்ர பங்கைக் குடுத்தவள். வாசிச்சதும் ஒண்டாத்தான். பஸ்ஸில கடைசி சீற்றில இருந்து ஒராள் வாசிக்க மற்ற நாலு பேரும் கேக்கிறது, றோட்டு நல்லா இருக்கிற இடத்தில வாசிக்கிறது, உள் றோட்டில இறங்கின உடன எழுத்து ஆடும், அங்க புத்தகத்தை மூடிப்போட்டு அதுவரைக்கும் வாசிச்சதைக் கதைக்கிறது. அப்பிடி ஒரு நாளைக்கு பத்துப் பன்ரெண்டு பக்கம், அவ்வளவுதான் போகும், அதால நாலு கிழமை ஆகித்தான் 288க்கு வந்தனாங்கள். உங்கட போனில இருந்த தம்பி "வாங்கி ஒரு மாசம் கழிச்சு ஏன் சொல்லுறீங்கள்" எண்டு கேட்டவர். இதுதான் மறுமொழி. புத்தகம் வாங்கினவுடன ஆரும் நடுப்பக்கத்தை எண்ணிப் பாக்கிறேல்லை.

நான் கார்மென்ற்ஸில குவாலிட்டி செக்கரா ஆறு வருசமா நிக்கிறன், அதால இது எப்பிடி நடந்திருக்கும் எண்டு எனக்குப் பாத்தவுடன ஒரு ஐடியா வந்தது, பிறகு முந்தி அச்சகத்தில பைண்டிங் வேலை செய்த எங்கட மாமா ஒருத்தரிட்டக் கொண்டுபோய்க் காட்டினன். அவர் புத்தகத்தைத் தூக்கி முதுகைப் பாத்திட்டு ரெண்டு நிமிசத்தில சொல்லிப்போட்டார். ஒவ்வொரு பக்கமா அடிக்கிறேல்லையாம், ஒரு பெரிய தாளில ரெண்டு பக்கமும் சேத்து 32 பக்கம் அடிச்சு, அதை மடிச்சா ஒரு கட்டு, அதைத்தான் பாரம் எண்டு சொல்லுறது. 480 பக்கத்துக்கு 15 பாரம். அந்தப் பதினஞ்சையும் வரிசையா அடுக்கி முதுகைச் சீவிப் பசை வைச்சு அட்டையை ஒட்டுறது. இதில அடுக்கினவர் ஒம்பதாவது பாரத்தை ரெண்டு தரம் எடுத்து வைச்சிட்டு பத்தாவதை விட்டிட்டார். 257ல தொடங்கிறது ஒம்பதாவது, 289ல தொடங்கிறது பத்தாவது, கணக்குச் சரியா வருது. இதைப் பிடிக்கிறதுக்கு எண்டே ஒவ்வொரு பாரத்தின்ர முதுகு மடிப்பிலயும் ஒரு கறுப்புக் கோடு அடிக்கிறவையாம், ஒண்டுக்குக் கீழ ஒண்டா இறங்கி வாற மாதிரி. எல்லாத்தையும் அடுக்கினாப் பிறகு முதுகைப் பாத்தா படிக்கட்டு மாதிரித் தெரியவேணும், ஒரு படி ரெண்டு தரம் இருந்தாலோ ஒரு படி இல்லாட்டிலோ கண் உடன பிடிச்சிடும், முதுகைச் சீவி ஒட்டினாப் பிறகு ஒண்டும் தெரியாது. அப்ப ஒட்டமுதல் ஒருத்தர் ஒருக்கா முதுகைப் பாத்திருந்தாப் போதும். பாக்கேல்லை.

எங்கட வேலையில இதை ஒரு சேட்டுக்கு ரெண்டு இடது கை வைச்சுத் தைச்ச மாதிரி எண்டு சொல்லலாம். கையும் நல்ல கை, தையலும் நல்ல தையல், ஆனா போட ஏலாது. அப்பிடி ஒண்டு லைன் முடிவில என்ர மேசைக்கு வந்தா நான் அந்த ஒரு சேட்டை மட்டும் கழிச்சுப்போட்டு விடுறேல்லை, அந்த பண்டில் முழுக்க திருப்பிப் பாக்கவேணும், ஏனெண்டா கைத்துண்டு மாறினது ஒரு சேட்டில மட்டும் நிண்டிருக்காது. கடைசிச் செக்கிங்கில 1000 பீஸ் உள்ள ஒரு லொட்டில 80 எடுத்துப் பாப்பினம், அதில பெரிய பிழை 6 வந்திட்டா முழு லொட்டும் திரும்பும், கப்பல் போகவேண்டிய நாளா இருந்தாலும் திரும்பும். வெளிநாட்டில ஆரோ ஒருத்தர் போடுற சேட்டுக்கு நாங்கள் அவ்வளவு பாக்கிறம். அதால கேக்கிறன், எங்களுக்கு வந்த புத்தகத்தோட அடுக்கின மற்றப் புத்தகங்கள் எங்க? ஒம்பதாவது பாரம் எங்களுக்கு ஒண்டு கூட வந்திருக்கெண்டா வேற ஆருக்கோ ஒண்டு குறைஞ்சிருக்கும், எங்களுக்கு வராத பத்தாவது வேற ஒராளின்ர புத்தகத்தில ரெண்டு தரம் இருக்கலாம். நீங்கள் எடுத்துப் பாத்தீங்களோ? போனில கேட்டதுக்கு "வேற கொம்ப்ளைன் வரேல்லை" எண்டு சொன்னவை. வரேல்லை எண்டா இல்லை எண்டு அர்த்தமில்லை, இன்னும் ஆரும் 288க்கு வரேல்லை எண்டும் இருக்கலாம்.

இப்ப ஏன் இந்த 32 பக்கத்துக்கு இவ்வளவு கதைக்கிறன் எண்டு சொல்லுறன், ஏனெண்டா உங்கட ஆக்களுக்கு நான் சொல்லவந்தது விளங்கேல்லை எண்டு நினைக்கிறன்.

கதை உங்களுக்குத் தெரியும், நீங்கள்தானே போட்டது. ஒரு பெரிய குளத்தைச் சுத்தி ரெண்டு குடி. ஒரு குடிக்கு மந்திரம் தெரியும், ஆனா ஒவ்வொரு மந்திரத்துக்கும் விலையா ஒரு ஞாபகத்தைக் குடுக்கவேணும், குடுத்த ஞாபகம் திரும்பி வராது. மற்றக் குடிக்கு மந்திரம் இல்லை, ஆனா ஒண்டையும் மறக்காத ஆக்கள். ரெண்டு குடிக்கும் கலியாணம் கூடாது, ஆனா மந்திரக் குடிப் பெட்டை ஒருத்திக்கு மற்றக் குடிப் பெடியன் ஒருத்தனில விருப்பம். அந்தப் பெட்டை முதல் மந்திரத்துக்கு தன்ர செத்துப்போன தாயின்ர குரலைக் குடுக்கிற இடத்தை வாசிக்கேக்க பஸ்ஸில எங்களில ஒருத்தரும் கதைக்கேல்லை. எங்களுக்கு மந்திரக் கதை எண்டா சின்னப்பிள்ளையளின்ர கதை எண்ட நினைப்பு இல்லை. சிலாவத்தைக் கடலில தண்ணி எடுத்துவந்து முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில அந்த உப்புத் தண்ணியில விளக்கெரிச்சு, வற்றாப்பளை அம்மனுக்கு வைகாசியில பொங்கிறதைப் பாத்து வளந்த ஆக்கள் நாங்கள். அதால இந்த எழுத்தாளர் மந்திரத்தை விளையாட்டா எழுதாமல் அதுக்கொரு விலை வைச்சு எழுதினது எங்களுக்கு நல்லாப் பிடிச்சது.

288ல என்ன நடக்குது? பெரியாக்கள் அவளைக் கூப்பிட்டு அவனை மறந்திடு எண்டு சொல்லுகினம். மறக்க மாட்டன் எண்டா குளக்கட்டு உடையும், காக்கிறதுக்கு மந்திரம் வேணும், மந்திரத்துக்கு ஒரு ஞாபகம் வேணும். அவள் மண்டபத்துக்குள்ள போறாள், கதவு சாத்துது. 321ல அவள் வெளியில நிக்கிறாள், அவன் ஓடிவாறான், அவள் அவனைப் பாத்து நீங்கள் ஆர் எண்டு கேக்கிறாள்.

அப்ப அவள் மறந்திட்டாள் எண்டு எங்களுக்குத் தெரியும். தெரியாதது, அவள் தானாக் குடுத்தவளோ, பெரியாக்கள் பறிச்சவையோ எண்டது. முழுக் கதையும் அதிலதான் நிக்குது. அவள் தானாக் குடுத்தவள் எண்டா அவனை விட்டுக்குடுத்து ஊரைக் காப்பாத்தினவள், பறிச்சதெண்டா அவளுக்கு நடந்தது பெரிய அநியாயம். ரெண்டுக்கும் 321 ஒரே மாதிரித்தான் இருக்கும், பிறகு வாற ஒவ்வொரு வசனமும் வேற வேற அர்த்தம். ஏஎல்லில தமிழ் படிக்கேக்க துஷ்யந்தன் சகுந்தலையை மறந்த கதை ரீச்சர் சொன்னவா, அது முனிவர் போட்ட சாபம், மோதிரத்தைக் கண்டவுடன ஞாபகம் வந்திட்டுது, எங்க எப்பிடி மறந்தவன் எண்டதில ஒரு குழப்பமும் இல்லை. இதில குழப்பம்தான் கதை, அந்தக் குழப்பத்துக்குரிய 32 பக்கத்தைத்தான் நீங்கள் கட்ட மறந்தது.

எங்கட அஞ்சு பேரில ஒராளுக்கு ஒரு விருப்பம் இருக்கு. ரெண்டு வீட்டிலயும் சாதி சொல்லி மறிச்சு வைச்சிருக்கினம், போனைக்கூட வாங்கி வைச்சிட்டினம், வேலைக்கு வாற நேரம் மட்டும்தான் அவள் வெளிய. அவளின்ர அம்மா ஒவ்வொரு நாளும் சொல்லுற சொல்லு "மறந்திடு". அதே சொல்லு புத்தகத்தில வந்த அண்டைக்கு அவள்தான் வாசிச்சுக் கொண்டிருந்தவள். தாளைத் திருப்பினவள், 257 வந்தது, நாங்கள் முதல் அவள் பிழையாத் திருப்பிப்போட்டாள் எண்டு நினைச்சம், அவள் முன்னுக்கும் பின்னுக்கும் நாலு தரம் புரட்டிப் பாத்திட்டு புத்தகத்தை மூடி மடியில வைச்சவள், இறங்கும் வரைக்கும் ஒண்டும் கதைக்கேல்லை.

என்ர பக்கத்தில இருந்தும் ஒண்டு சொல்லவேணும். 2009ல கடைசிச் சண்டை நேரம் மாத்தளனுக்கால வெளிக்கிடேக்க எனக்குப் பன்ரெண்டு வயசு. அல்பம், என்ர கதைப்புத்தகங்கள், எல்லாம் பங்கருக்குள்ள விட்டிட்டு வந்தது. அப்பான்ர ஒரு படமும் இண்டைக்கு எங்களிட்ட இல்லை. அப்பா சிரிச்சா எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு இப்ப சரியா ஞாபகமில்லை, நானா மறந்ததில்லை அது. அதால குடுத்த மறதியும் பறிச்ச மறதியும் ஒண்டு எண்டு ஆரும் எனக்குச் சொல்ல ஏலாது, நான் இந்த நாவலைத் தேடி வாங்கினதே பின்னட்டையில "ஞாபகத்தை விலையாகக் கேட்கும் மந்திரம்" எண்டு நீங்கள் போட்டிருந்ததைப் பாத்துத்தான்.

இனி உங்கட மறுமொழியள். முதல் மெசேஜுக்கு எட்டு நாள் ஒண்டும் இல்லை. ரெண்டாவதுக்கு "பாவித்த புத்தகங்கள் மாற்றித் தரப்படமாட்டாது" எண்டு ஒரு வரி. வாசிக்காமல் எப்பிடிப் பிழையைக் கண்டுபிடிக்கிறது? மூண்டாவதுக்கு அடுத்த ஓடருக்கு பத்து வீதம் கழிவு எண்டு ஒரு கோட் அனுப்பினீங்கள். நாங்கள் கழிவு கேக்கேல்லை. பிறகு போனில அந்தத் தம்பி, நல்ல பிள்ளை, மரியாதையாத்தான் கதைச்சவர், "அக்கா, அந்தப் பக்கங்களில என்ன நடக்குதெண்டு நான் வொய்ஸில சொல்லிவிடட்டோ, கதை விளங்கினாச் சரிதானே" எண்டு கேட்டு சொல்லவும் தொடங்கிட்டார். நான் "சொல்லாதேங்கோ தம்பி" எண்டு போனைக் காதில இருந்து எடுத்திட்டன். அவரில எனக்குக் கோவமில்லை. ஆனா ஒரு புத்தகக் கொம்பனியில வேலை செய்யிற ஆளுக்கு, நடந்தது என்ன எண்டு தெரிஞ்சாப் போதும், எழுதினதை வாசிக்கத் தேவையில்லை எண்ட எண்ணம் வந்ததுதான் எனக்கு அந்தப் பக்கம் இல்லாததை விடப் பெரிய மனவருத்தம்.

நான் கேக்கிறது காசு இல்லை. எல்லாப் பக்கமும் உள்ள ஒரு புத்தகத்தை, அனுப்பமுதல் 257, 289, 321 எண்ட மூண்டு இடத்தையும் ஒருத்தர் திறந்து பாத்திட்டு, உங்கட செலவில எங்களுக்கு அனுப்புங்கோ. பழையதைத் திருப்பி எடுக்கிறதெண்டாலும் உங்கட கூரியரிலதான் எடுக்கவேணும். கடையில, ஸ்ரோரில இருக்கிற மிச்சப் புத்தகங்களையும் திறந்து பாருங்கோ, வாங்கின ஆக்களுக்கு நீங்களா ஒரு மெசேஜ் போடுங்கோ, அவை வந்து கேக்கும் வரைக்கும் இருக்காதேங்கோ. முல்லைத்தீவிலயோ மன்னாரிலயோ ஒரு வாசிகசாலையில இதே மாதிரி ஒரு கொப்பி இருந்தா, அங்க வாசிக்கிற பிள்ளை கதை இப்பிடித்தான் எண்டு நினைச்சிட்டுப் போயிடும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டத்தில, பொருள் வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள எழுத்தில முறைப்பாடு குடுக்கலாம் எண்டு இருக்கு. எங்களுக்கு ஒக்ரோபர் 12 வரைக்கும் நேரம் இருக்கு. அதிகாரசபையின்ர 1977 எண்ட போன் நம்பருக்கு எடுத்துச் சொல்லுறதும், எழுதிக் குடுக்கிறதும் எனக்கு விருப்பமான வேலை இல்லை, உங்கட கொம்பனி தமிழில இப்பிடியான நாவல்களைப் போடுறது எங்களுக்குத் தேவை, நீங்கள் மூடிப்போகவேணும் எண்டு நான் நினைக்கேல்லை. ஆனா செப்டெம்பர் 20க்குள்ள மறுமொழி வராட்டி கட்டாயம் குடுப்பன், பில்லும் படங்களும் மெசேஜுகளும் எல்லாம் கொப்பி எடுத்து வைச்சிருக்கிறன்.

321ஆம் பக்கத்துக்கு மேல நாங்கள் ஒருத்தரும் வாசிக்கேல்லை. புத்தகம் இப்ப என்ர லொக்கருக்குள்ள, 288ல ஒரு நூல்துண்டு வைச்சபடி இருக்கு.

இப்படிக்கு,
ஓடர் போட்ட வாசகியும் மற்ற நாலு பேரும்