எந்த எண்ணை மாற்றுவது என்று கேட்டாயே

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதுவது. போனில் நீ கேட்டதற்கு அங்கேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசப் பேச உன் பக்கம் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் வண்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாவது படிப்பாய்.

மாருதி எஸ்டீம் கார் ஸ்டார்ட் ஆகிவிட்டது, அதில் மாட்டின ஸ்பீடுயினோ (பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கணக்குப் போடுகிற ஈசியூ என்கிற குட்டிக் கம்ப்யூட்டர்) வேலை செய்கிறது, இனி பவர் கூட வேண்டும், அதற்கு எந்த டேபிளில் (ஈசியூ பார்த்து நடக்கிற எண் அட்டவணை) எந்த எண்ணை மாற்றுவது? இதுதானே உன் கேள்வி? இப்போதைக்கு ஒன்றையும் மாற்றாதே.

கார்புரேட்டர் காலத்தில் ஜெட்டைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்க்கலாம், துவாரம் அடைத்திருந்தால் தெரிந்துவிடும். ஈசியூவுக்கு இன்ஜினே தெரியாது. சென்சார் வயரில் வருகிற வோல்டேஜ்தான் அதற்கு உலகம். அந்த வோல்டேஜ் பொய் சொன்னால், பொய்க்கு ஏற்ற பெட்ரோலைக் கணக்குப் பிசகாமல் ஊற்றும். புதிதாகப் பழகுகிறவர்கள் டேபிளோடு மல்லுக்கட்டுவதில் பாதிக்கு மேல் சென்சாரில் இருக்கிற கோளாறுதான்.

அதனால் காலையில் இன்ஜின் ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த பிறகு, ஸ்டார்ட் பண்ணாமல் சாவியை மட்டும் போட்டு லேப்டாப்பைப் பார். கூலன்ட் வெப்பமும் உள்ளே போகிற காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும், ஷெட்டில் தொங்குகிற தெர்மாமீட்டரோடும் ஒத்துப்போக வேண்டும். இன்ஜினுக்குள் போகிற காற்றின் அழுத்தத்தை அளக்கிற மேனிபோல்டு பிரஷர் சென்சார் புனேயில் 95 கிலோபாஸ்கல் பக்கம் காட்ட வேண்டும், ஏனென்றால் உங்கள் ஊர் கடல் மட்டத்துக்கு மேலே 560 மீட்டரில் இருக்கிறது. 101 காட்டினால் அது சென்னை மெரினாவில் நிற்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், சென்சார் செட்டிங் தப்பு. மேட்டுப்பாளையத்தில் சுத்தமாக ஓடின கார்புரேட்டர் வண்டி ஊட்டி ஏறினதும் கரும்புகை விடும், பார்த்திருப்பாய். அங்கே காற்று 77, 78 கிலோபாஸ்கல்தான். அந்த வித்தியாசத்தைத் தானாகச் சரிக்கட்டத்தான் உன் வண்டியில் இந்தச் சென்சாரே இருக்கிறது. அதுவே தப்பாகப் படித்தால் கார்புரேட்டரே தேவலை.

அடுத்தது டைமிங், அதாவது ஸ்பார்க் விழுகிற நேரம். கிராங்க் புல்லியில் நீங்கள் மாட்டியது 36 பல்லில் ஒன்று இல்லாத சக்கரம். அந்த இடைவெளிக்கும் டாப் டெட் சென்டருக்கும் (பிஸ்டன் உச்சியில் நிற்கிற இடம்) எத்தனை டிகிரி என்று சாஃப்ட்வேரில் ஓர் எண் கொடுத்திருப்பீர்கள். அது உன் சிநேகிதன் கண்ணால் பார்த்துப் போட்ட எண் என்று நீயே சொன்னாய். டியூனர்ஸ்டூடியோ சாஃப்ட்வேரில் டைமிங்கை 10 டிகிரியில் பூட்டிவிட்டு, டைமிங் லைட்டைப் புல்லியில் அடி. லைட்டிலும் 10 தெரிய வேண்டும். ஆர்.பி.எம்மை மூவாயிரத்துக்கு ஏற்றினாலும் குறி நகரக் கூடாது. இங்கே ஒரு பல் பிசகினால் 10 டிகிரி போச்சு. ஸ்கிரீனில் 25 என்று இருக்கும், உள்ளே 35-இல் பற்றிக்கொண்டிருக்கும். பிஸ்டனில் ஓட்டை விழ அது போதும்.

பெட்ரோலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டருக்கு ஒரு டெட் டைம் உண்டு. கரண்ட் கொடுத்ததும் திறந்துவிடாது, கிட்டத்தட்ட ஒரு மில்லி செகண்டு எடுத்துக்கொள்ளும், வோல்டேஜ் இறங்கினால் இன்னும் கூட எடுக்கும். ஐடிலில், வண்டி சும்மா நின்று ஓடும்போது, அது மொத்தம் திறந்திருப்பதே இரண்டு மூன்று மில்லி செகண்டுதான் என்பதால் இந்த எண் அங்கே பெரிதாகத் தெரியும். சோதிக்க வழி சுலபம். சூடான இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஹெட்லைட், புளோயர், ரேடியேட்டர் ஃபேன் எல்லாவற்றையும் போடு. வோல்டேஜ் இறங்க இறங்க கலவையும் லீனாகப் (பெட்ரோல் குறைவாக) போனால் டெட் டைம் டேபிள் சரியில்லை. இதைக் கவனிக்காதவர்கள் பகலில் ஒரு டியூன், ராத்திரி ஒரு டியூன் என்று அலைவார்கள்.

சைலன்சர் புகையில் ஆக்சிஜனைப் பார்க்கிற பழைய நேரோபேண்ட் ஓ2 சென்சாரை நம்பி டியூன் பண்ணாதே. அதற்கு ரிச் (பெட்ரோல் அதிகம்), லீன் என்று இரண்டே வார்த்தைதான் தெரியும். எவ்வளவு என்று அளவாகச் சொல்கிற வைட்பேண்ட் வாங்கிவிட்டோம் என்றாய், நல்லது. சைலன்சர் பைப்பில் அதைப் படுக்க வைக்காமல் சாய்த்து மேல் பக்கமாக மாட்டுங்கள், தண்ணீர் தேங்கினால் செத்துவிடும். ஹீட்டருக்குக் கரண்ட் இல்லாமல் இன்ஜினை ஓட்டினால் கரி பிடித்தும் செத்துவிடும். அதன் எர்த்தை பாடியில் கண்ட இடத்தில் முறுக்காமல், அதனுடைய வயரிங் படத்தில் சொன்ன இடத்துக்குக் கொண்டுபோ. இன்னொன்று, பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். சுத்த பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு சரியான கலவை என்றால் இதற்கு 13.5 பக்கம் வரும். குழம்பாமல் இருக்க லாம்ப்டாவில் (இருக்கிற கலவையைச் சரியான கலவையால் வகுத்த எண்) பார், எந்தப் பெட்ரோலானாலும் ஒன்று என்பது ஒன்றுதான். எஸ்டீமின் பழைய பெட்ரோல் ஹோஸ்களையும் ஒரு தடவை வளைத்துப் பார், வெடிப்பு இருந்தால் யோசிக்காமல் மாற்று. ஷெட்டில் தீயணைப்பான் இருக்கிறதா? இல்லையென்றால் முதல் செலவு அதுதான்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஃபியூவல் டேபிளைத் தொடு. கணக்கு ஒரே வரிதான்: இருக்கிற எண்ணை, கிடைத்த லாம்ப்டாவால் பெருக்கி, வேண்டிய லாம்ப்டாவால் வகுக்க வேண்டும். ஒரு கட்டத்தில் 60 இருக்கிறது, உனக்கு 0.88 வேண்டும், வருவது 0.95 என்றால் 65 பக்கம் போடு. சும்மா ஒரே வேகத்தில் போகிற இடங்களில் லாம்ப்டா ஒன்று இருக்கட்டும். முழு ஆக்ஸிலேட்டரில் 0.87, 0.88. முடித்த டேபிளை முப்பரிமாணப் படமாகப் பார்த்தால் வழவழப்பாக ஏறி இறங்க வேண்டும். நடுவில் ஒரு பள்ளம் தெரிந்தால் உன் அளவைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன், இன்ஜினை அப்புறம் பார்க்கலாம்.

சாஃப்ட்வேர் தானாகவே டேபிளைத் திருத்திக்கொள்ளுமாமே என்று கேட்டாய். திருத்தும். ஆனால் ஒரு சிலிண்டர் மிஸ் ஆனால் எரியாத ஆக்சிஜன் அப்படியே வெளியே வரும், சென்சார் அதை லீன் என்று படிக்கும், சாஃப்ட்வேர் இன்னும் பெட்ரோல் ஊற்றும், பிளக் நனைந்து மிஸ்ஸிங் கூடும். எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் லீக் இருந்தாலும் இதே கதைதான். அது திருத்தினதை நீ ஒரு தடவை கண்ணால் பார்க்காமல் சேவ் பண்ணாதே. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புதுப் பெயரில் ஃபைல், ஒரு நேரத்தில் ஒரே மாற்றம்.

குளிர்ந்த ஸ்டார்ட் டேபிளில் பொறுமை வேண்டும். இன்ஜின் முழுசாக ஆறி இருப்பது காலையில் ஒரு தடவைதான்.

இக்னிஷன் டேபிளை இந்த சீசன் முழுக்கத் தொடாமல் இருந்தாலும் எனக்குச் சந்தோஷம்தான். டைமிங்கைக் கூட்டினால் ஓரளவு வரை இழுவை ஏறும், அதற்கு மேல் நாக்கிங் (கலவை தானாக வெடித்து இன்ஜினைத் தட்டுவது) வரும். குறைந்த ஆர்.பி.எம்மில் அது காதுக்குக் கேட்கும். மேலே போனால் சத்தத்தில் அமுங்கிவிடும், கேட்கவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. ஏசி மெக்கானிக்கிடம் கால் இஞ்ச் செம்புக் குழாய் ஒரு முழம் வாங்கு. ஒரு முனையைத் தட்டையாக அடித்து, துளை போட்டு, இன்ஜின் பிளாக்கில் போல்ட் போடு. மறு முனையில் ரப்பர் ஹோஸ் மாட்டி, காதடைப்பானுக்குள் விடு. 74 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்) உள்ள உன் இன்ஜினில் நாக்கிங் 7.7 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒலிக்கும், கூர்மையான ‘டிக் டிக்’ தனியாகக் கேட்கும். கேட்டால் உடனே காலை எடு. பிளக்கையும் கழற்றி வெயிலில் பார், வெள்ளைப் பீங்கானில் பளபளவென்று பொடிப் புள்ளி இருந்தால் அது பிஸ்டன் அலுமினியம்.

பவர் விஷயத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதே கேம்ஷாஃப்ட், அதே சிலிண்டர் ஹெட்டை வைத்துக்கொண்டு எண்ணை மட்டும் மாற்றிப் பெரிதாக ஒன்றும் வராது. கம்பெனிக்காரர்களும் மக்கு இல்லை. ஆனால் பிக்கப் சுத்தமாகும், ஆக்ஸிலேட்டரில் கால் வைத்ததும் வண்டி கேட்கும். அதற்காகவே இந்தப் பாடு படலாம்.

ஓட்டுகிறவர் வேறு, லேப்டாப் பார்க்கிறவர் வேறாக இருக்க வேண்டும். அதுவும் டிராக்கில் மட்டும். ஆர்.சி புத்தகத்தில் இல்லாத வேலையைச் செய்துவிட்டு ராத்திரி எக்ஸ்பிரஸ்வேயில் சோதித்துப் பார்க்கிற ஆட்களை எனக்குத் தெரியும், அந்தக் கூட்டத்தில் நீ வேண்டாம். ஜனவரியில் செட்டிபாளையம் வரும்போது கரி ரேஸ் டிராக்கில் உன்கூட நான் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அதற்கு முன்னால், காலை முதல் ஸ்டார்ட்டிலிருந்து ரேடியேட்டர் ஃபேன் ஓடி நிற்கிற வரை லாக் (சென்சார்கள் காட்டுவதன் பதிவு) எடுத்து அனுப்பு. ஸ்கிரீனை போனில் போட்டோ எடுத்து அனுப்பாதே, ஃபைலையே அனுப்பு. அங்கே டைமிங் லைட் கிடைக்கவில்லை என்றால் சொல், அம்மா கட்டுகிற பார்சலில் என்னுடையதைப் போட்டுவிடுகிறேன்.

அன்புடன்,
அப்பா