வகுத்தால் வராத வேகம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சிங்கப்பூர்–நியூயார்க் நேரடி விமானம் பற்றிய செய்தியில் தூரம் 15,349 கி.மீ., நேரம் 18 மணி 40 நிமிடம் என்று போட்டு, வகுத்துப் பார்த்து, வேகம் மணிக்கு 822 கி.மீ. என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு எண்ணும் சரி. வகுத்ததுதான் சரியில்லை.

15,349 என்பது பூமியுருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்த மிகக் குறுகிய தூரம். அந்தக் கோடு சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக ஏறி, ஏறக்குறைய வடதுருவத்தைத் தொட்டு, கனடா வழியாக இறங்குகிறது. விமானம் பெரும்பாலும் அந்தப் பக்கமே போவதில்லை. சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்திலிருந்து கிளம்பினால் பசிபிக் கடலைக் கடக்கும். திரும்பும்போது பல நாட்களில் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாக வரும். போக, வர இரண்டுமே கிழக்கு நோக்கித்தான். மேற்கிலிருந்து வெகு உயரத்தில் வேகமாக வீசும் ஜெட் காற்று பின்னாலிருந்து தள்ளுவதால், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சம். எந்த வழி என்பதை அன்றைய காற்றைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

அட்டவணையில் உள்ள நேரமும் பறக்கும் நேரம் மட்டுமல்ல. பயணிகள் ஏறும் வாயிலை விட்டு விமானம் நகர்வதிலிருந்து மறுமுனை வாயிலில் நிற்கும் வரை அத்தனையும் அதில் அடக்கம். நியூயார்க்கின் ஜேஎஃப்கே விமான நிலையத்தில் ஓடுபாதை வரிசையில் நிற்பதும், குளிர்காலத்தில் இறக்கைப் பனியை மருந்தடித்துக் கரைப்பதும் இதில் சேரும்.

சாதாரண எகானமி இருக்கை ஏன் இல்லை என்றும் கேட்டிருந்தீர்கள். எடைதான் காரணம். இந்தத் தடத்தில் பறக்கும் நெடுந்தூர விமானமான ஏ350-900 யுஎல்ஆர் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அந்த எடைக்கு ஈடுகட்டத்தான் இருக்கைகள் 161 மட்டுமே.

வாசகர்கள் அதிகம் தடுமாறுவது கடிகாரத்தில். சிங்கப்பூர் கடிகாரம் ஆண்டு முழுதும் மாறாது. நியூயார்க்கில் மார்ச் இரண்டாம் ஞாயிறு ஒரு மணி நேரம் கூட்டி, நவம்பர் முதல் ஞாயிறு குறைத்துவிடுவார்கள். ஆகவே இரண்டு ஊர் நேரத்துக்கும் இடைவெளி கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13. கணக்கு இப்படி: புறப்படும் ஊர் நேரத்தோடு பயண நேரத்தைக் கூட்டுங்கள், அதன் பிறகே இடைவெளியைக் கழியுங்கள். திங்கள் இரவு 11.30க்குக் கிளம்பி 18½ மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் செவ்வாய் மாலை 6. நியூயார்க்கில் அதே செவ்வாய் காலை 6, குளிர்காலமென்றால் 5. திரும்பும்போது இடைவெளியைக் கூட்ட வேண்டும்: திங்கள் இரவு 10க்குக் கிளம்பி 18 மணி 40 நிமிடம் பயணம் செய்தால் கோடையில் இறங்குவது புதன் விடியற்காலை 4.40. செவ்வாய் இரவுக்கு விடுதி அறை எடுத்துப் பணத்தை விடுபவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

இன்சுலின் போடுபவர்களும் வேளை தவறாமல் மாத்திரை எடுப்பவர்களும் எந்த ஊர்க் கடிகாரத்தையும் நம்பாமல், கடைசி வேளைக்குப் பின் எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று எண்ண வேண்டும். அளவைக் கிளம்பும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

இப்படிக்கு,
வாசகர், சிங்கப்பூர்