தரைக்குள் கிடந்த திமிங்கலங்களை நமக்குத் தந்தவர்களுக்கு நன்றி

மதிப்பிற்குரியவர்களே,

உங்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. சிலருடைய பெயர் எங்கும் எழுதப்படவே இல்லை. ஆனாலும் கடலே கண்ணுக்குத் தெரியாத மலையடிவாரத்திலும் பாலைவனத்திலும் களிமண்ணிலும் கிடந்த திமிங்கல எலும்புகளைப் பற்றி இன்று என்னைப் போன்ற ஒரு வாசகர் வியந்து படிக்க முடிகிறதென்றால், அது உங்களால்தான். ஆய்வுக் கட்டுரையின் தலைப்புக்குக் கீழே வரும் பெயர்களுக்கு மரியாதை தானாகவே வந்து சேர்ந்துவிடும். எலும்பை முதலில் பார்த்தவருக்கும், அதைத் தூக்கி எறியாமல் வைத்தவருக்கும், பாறையிலிருந்து பொறுமையாகப் பிரித்தெடுத்தவருக்கும் அவ்வளவு எளிதில் வருவதில்லை. அந்தக் குறை நெடுநாளாக என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

1849-இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரட்லண்டுக்கும் பர்லிங்டனுக்கும் இடையே ரயில் பாதைக்கு மண் வெட்டிக்கொண்டிருந்த தொழிலாளர்களே, முதல் நன்றி உங்களுக்கு. ஷார்லட் என்ற ஊரின் அருகே, சுமார் மூன்று மீட்டர் ஆழத்தில், நீலக் களிமண்ணுக்குள் உங்கள் கருவியில் தட்டுப்பட்ட எலும்புகள் வெட்டிய மண்ணோடு போய்விடவில்லை. இயற்கையியலாளர் ஜேடாக் தாம்சனின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. அவை வெண்திமிங்கலத்தின் எலும்புகள். அங்கிருந்து மிக அருகிலுள்ள கடலுக்கே ஏறத்தாழ 240 கிலோமீட்டர் போக வேண்டும். பனியுகத்தின் பெரும் பனிப்பாளம் தன் எடையால் அந்த நிலத்தை அமுக்கி வைத்திருந்தது. பனி உருகி விலகியபோது, தாழ்ந்து கிடந்த நிலத்துக்குள் அட்லான்டிக் கடல் நீர் புகுந்து சாம்ப்ளேன் கடலாகத் தேங்கியது. சுமை நீங்கிய நிலம் மெல்ல மேலெழும்ப, கடல் பின்வாங்கியது. அந்தக் கடலில் நீந்திய திமிங்கலம் மட்டும் களிமண்ணில் தங்கிவிட்டது. இந்தக் கதை முழுவதும் உங்கள் மண்வெட்டி முனையில் தொடங்கியது.

அடுத்த நன்றியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நிலவியலாளர் ரங்கராவ் அவர்களின் துணைவியாரே, அம்மா, இது உங்களுக்கு. உங்கள் கணவர் ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் பாறைகளைச் சேகரித்து வந்தார். சில பற்களையும் ஒரு தாடைத் துண்டையும் கொண்டு 1971-இல் இன்டோஹையஸ் என்ற விலங்குக்குப் பெயர் சூட்டினார். அவர் மறைந்தபோது, சேகரித்த பாறைகளில் பல உடைத்துப் பார்க்கப்படாமலே கிடந்தன. ஒரு வீட்டில் கல் குவியலுக்கு என்ன மதிப்பு இருக்கும்? அப்புறப்படுத்தியிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் காத்து வைத்தீர்கள். பின்னர் அவற்றை ஹான்ஸ் தேவிசென் என்ற ஆய்வாளரிடம் ஒப்படைத்தீர்கள்.

அவருடைய ஆய்வுக்கூடத்தில் பாறையிலிருந்து மண்டையோட்டைப் பிரித்துக்கொண்டிருந்த உதவியாளரே, உங்களுக்கும் என் வணக்கம். உங்கள் கையில் எதிர்பாராமல் ஒரு செவி எலும்பு உடைந்தது. உடைந்த இடத்தில் அதன் சுவர் தெரிந்தது. நடுச்செவியை மூடும் அந்தச் சிப்பி வடிவ எலும்பின் வெளிச்சுவர் மெல்லியது. உட்சுவரோ தடித்துத் திரண்டிருந்தது. அந்தத் தடிப்பு அதுவரை திமிங்கல இனத்துக்கே உரிய அடையாளமாகக் கருதப்பட்டது. சிறு மான் போன்ற உருவமும் மெலிந்த நான்கு கால்களும் கொண்ட விலங்கு ஒன்றில் அது இருந்தது! 2007-இல் வெளிவந்த ஆய்வில் சுனில் பாஜ்பாய் உள்ளிட்டோர் தேவிசெனோடு சேர்ந்து மேலும் சில சான்றுகளை வைத்தார்கள். கால் எலும்புகளின் சுவர் கனத்திருந்தது. நீரில் கால் ஊன்றி நடக்கும் விலங்குக்கு அந்த எடை உதவும். பற்களில் இருந்த ஆக்சிஜன் ஐசோடோப்புகளின், அதாவது எடை வேறுபட்ட ஆக்சிஜன் அணுக்களின், விகிதமும் நீரில் நெடுநேரம் கழித்த வாழ்க்கையையே காட்டியது. சுமார் 4 கோடியே 80 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய அந்தச் சிறு உயிர், திமிங்கலங்களுக்கு மிக நெருங்கிய உறவு என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். அம்மா, நீங்கள் அந்தக் கற்களை விட்டிருந்தால் இவ்வளவும் எங்கே கிடைத்திருக்கும்?

தொல்லுயிரியலாளர் லூயிஸ் ஜேக்கப்ஸ் ஐயா, தொலைந்ததைத் தேடிக்கொண்டே இருந்ததற்காக உங்களுக்கு நன்றி. 1964-இல் கென்யாவின் துர்க்கானா பகுதியில் ஆய்வாளர் ஜேம்ஸ் மீட் கண்டெடுத்த அலகுத் திமிங்கலத்தின் எலும்பு, பின்னாளில் இருக்குமிடம் தெரியாமல் போனது. பல ஆண்டுத் தேடலுக்குப் பிறகு 2011-இல் அது மீண்டும் கிடைத்தது. மீட் அதைக் கண்டெடுத்த இடம் இந்தியப் பெருங்கடலிலிருந்து 740 கிலோமீட்டர் உள்ளே, இன்று 620 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1 கோடியே 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் அந்தத் திமிங்கலம் ஆற்று வழியாக ஏறி வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். அவ்வளவு தூரம் அது நீந்தி வர வேண்டுமென்றால் நிலம் தாழ்வாக, அதிகச் சரிவு இல்லாமல் இருந்திருக்க வேண்டும். ஆக, கிழக்கு ஆப்பிரிக்கா எப்போது மேலெழத் தொடங்கியது என்ற கேள்விக்கு ஒரு திமிங்கலம் சாட்சி சொன்னது. அறிவியலில் இதைவிட அழகான சான்று எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

எகிப்தின் வாதி அல்-ஹிதான் என்ற பாலைவனப் பள்ளத்தாக்கில் பல ஆண்டுகள் உழைத்த ஆய்வாளர்கள் பிலிப் ஜிஞ்சரிச், ஹோலி ஸ்மித், எல்வின் சைமன்ஸ் ஆகியோருக்கும், அங்கே மணலிலும் வெயிலிலும் கூட நின்ற எல்லோருக்கும் நன்றி. பதினைந்து மீட்டரையும் தாண்டி வளர்ந்த பசிலோசாரஸ் என்ற தொல் திமிங்கலத்துக்கு முழங்கால், கணுக்கால், விரல்கள் எல்லாம் கொண்ட சின்னஞ்சிறு பின்னங்கால் இருந்ததை 1990-இல் உலகுக்குக் காட்டினீர்கள். அத்தனை பெரிய உடலைத் தாங்க அந்தக் கால் உதவாது. இருந்தும் ஒவ்வொரு மூட்டும் அதனதன் இடத்தில் இருந்தது. படத்தில் அந்த விரல் எலும்புகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

2005-இல் அந்தப் பள்ளத்தாக்கு உலகப் பாரம்பரியச் சின்னமானது. எலும்புக்கூடுகள் பல கிடந்த இடத்திலேயே இருக்க, வருபவர்கள் அவற்றைச் சுற்றி நடந்து பார்க்கிறார்கள். அங்கே காவல் காக்கும் பணியாளர்களே, ஒரு கல்லைக்கூட யாரும் எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வது சின்ன வேலை அல்ல. இந்த மடலில் உங்களை இவ்வளவு பின்னால் வைத்தது வரிசைக்காகத்தான், மதிப்பில் அல்ல.

எகிப்தின் மன்சூரா பல்கலைக்கழகத்துத் தொல்லுயிரியலாளர் ஹெஷாம் சல்லாம் அவர்களுக்கும் அவருடைய மாணவர்களுக்கும் வாழ்த்தும் சேர்த்தே சொல்கிறேன். எகிப்தின் சுற்றுச்சூழல் பணியாளர்கள் 2008-இல் கண்டெடுத்த எலும்புகளை வைத்து 2021-இல் நான்கு கால் திமிங்கலமான ஃபியோமிசீட்டஸ் அனூபிஸை அறிவித்தீர்கள். 2023-இல் இரண்டரை மீட்டரே நீளமுள்ள டூட்சீட்டஸை அறிமுகப்படுத்தினீர்கள். தம் மண்ணின் திமிங்கலங்களுக்கு அந்த மண்ணின் பிள்ளைகளே பெயர் சூட்டுவதைக் காண்பது எனக்குப் பெருமகிழ்ச்சி. அடுத்த பெயருக்காகக் காத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
உங்கள் வாசகர் ஒருவர்