தம்பிக்கு, பாப்பாவின் காலேஜ் லிஸ்ட் பற்றி

அன்புள்ள தம்பிக்கு,

பாப்பாவை டெல்லி யுனிவர்சிட்டியில் சேர்க்க, எந்தக் காலேஜை முதலில் எழுதுவது என்று நீ போட்டு அனுப்பிய எக்செல் ஷீட்டைப் பார்த்தேன். போன வருஷம் எந்தக் காலேஜில் எத்தனை மார்க்கோடு இடம் முடிந்தது என்று வரிசையாகப் போட்டு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கலர் வேறு அடித்திருக்கிறாய். பாங்க்காரன் புத்தி எங்கே போகும்! கட்டாயம் கிடைக்கும் என்கிற பச்சையெல்லாம் மேலே, கிடைக்காது என்கிற சிவப்பெல்லாம் கீழே. உனக்கு மட்டும் எழுதாமல் பொதுவில் எழுதக் காரணம் உண்டு. டெல்லியில் துவாரகா, மயூர் விஹார், ஆர்.கே. புரம் என்று எனக்குத் தெரிந்த நம்மவர்கள் பலரும் இந்த ஜூலையில் இதே மாதிரி ஒரு ஷீட்டோடுதான் உட்கார்ந்திருக்கிறார்கள். உன் பேரைச் சொல்லவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

அந்த ஷீட்டைத் தலைகீழாக்கு.

நீயும் அப்பாவும் இன்ஜினியரிங் சீட்டுக்கு அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சலிங்குக்குப் போனீர்களே, நினைவிருக்கிறதா? எந்தக் காலேஜில், எந்தப் பிரிவில், எத்தனை இடம் மிச்சம் என்று எதிரே திரையில் ஓடும். உன் முறை வந்ததும் இருப்பதில் நல்லதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்தாய். 2018இல் அதுவும் ஆன்லைனுக்குப் போய்விட்டது, ஆனால் நம் தலைமுறைக்குப் பழக்கம் போகவில்லை. டெல்லி யுனிவர்சிட்டியில் திரை கிடையாது. எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். கம்ப்யூட்டர் அவள் லிஸ்டை மேலிருந்து பார்த்துக்கொண்டே வரும். அவள் மார்க் முதலில் எங்கே எட்டுகிறதோ அங்கே நின்றுவிடும். அதற்குக் கீழே எழுதியதெல்லாம் அத்தோடு போச்சு. மேலே எழுதியவை கிடைக்காமல் போனால் ஒரு நஷ்டமும் இல்லை. முதல் வரியில் ஹிந்து காலேஜைப் போட்டாள் என்பதற்காக ஏழாவது வரியில் யாரும் அவளுக்கு ஒரு மார்க் குறைக்கப் போவதில்லை. ஆனால் நீ பயந்துபோய் முதல் வரியில் வைக்கிற பச்சை கட்டாயம் கிடைத்துவிடும். சிக்கலே அதுதான்.

ஆகவே கிடைக்குமா என்ற கேள்வியை லிஸ்ட் எழுதும்போது கேட்கவே கூடாது. எது வேண்டும் என்பது மட்டும்தான் கேள்வி. அது பாப்பாவைக் கேட்க வேண்டியது, உன் ஷீட்டை அல்ல.

இங்கேதான் வீட்டில் சண்டை. காலேஜும் படிப்பும் சேர்ந்தே ஒரு வரி என்பதால் 'எஸ்.ஆர்.சி.சி. (ஸ்ரீராம் காலேஜ் ஆஃப் காமர்ஸ்) பி.காம். ஆனர்ஸ்' ஒரு வரி, 'மிராண்டா ஹவுஸ் காலேஜ் ஹிஸ்டரி ஆனர்ஸ்' இன்னொரு வரி. எது மேலே? அக்கவுண்டன்சி படித்துவிட்டு ஹிஸ்டரியா என்று நீ விட்ட பெருமூச்சு போனிலேயே கேட்டது. ஹிஸ்டரி ஆனர்ஸுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் வரலாறு படித்திருக்க வேண்டும் என்று இல்லை. க்யூட் (CUET) என்கிற நுழைவுத் தேர்வில் ஒரு மொழித்தாளும் மூன்று பாடங்களும் போதும். அவள் எழுதிய காமர்ஸ் பாடங்களே செல்லும். எகனாமிக்ஸ் ஆனர்ஸுக்குத்தான் கணக்கு கட்டாயம். போர்டு மார்க்கைச் சொல்லிச் சொல்லி அவளை மட்டம் தட்டுவதையும் நிறுத்து. எஸ்.ஆர்.சி.சி. 2011இல் காமர்ஸ் படிக்காத பிள்ளைகளுக்கு 100 சதவீதம் கட்-ஆஃப் போட்டு ஊரே சிரித்ததே, அந்தக் காலம் 2022இல் க்யூட் வந்ததோடு முடிந்தது. இப்போது போர்டு மார்க்குக்கு வேலை, பாஸ் ஆகியிருக்க வேண்டும் என்பதற்கும் இரண்டு பேர் ஒரே ஸ்கோரில் நிற்கும்போது பார்ப்பதற்கும்தான்.

எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். பழைய காலண்டர் தாளைக் கிழித்து, ஒரு சீட்டுக்கு ஒரு வரி என்று எழுதிக் கட்டில்மேல் பரப்பினோம். இரண்டு இரண்டாக எடுத்துக் காட்டுவேன். "இந்த ரெண்டும் கிடைச்சா எதுக்குப் போவே?" அவ்வளவுதான் என் வசனம். உன் மருமகன், ஸ்ரீ வெங்கடேஸ்வரா காலேஜ் எகனாமிக்ஸ் ஆனர்ஸையும் ராம்ஜஸ் காலேஜ் பி.ஏ. புரோகிராமையும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். கடைசியில் ராம்ஜஸ் மேலே போயிற்று. ஒரே பாடத்தை ஆழமாகப் படிக்கிற ஆனர்ஸை விட்டுவிட்டு இது என்னடா என்று நாக்கு நுனிவரை வந்தது. இவர் என் கையைக் கிள்ளினார். இன்றைக்கும் எனக்கு அதில் முழுச் சம்மதம் கிடையாது, ஆனால் தினமும் ராஜீவ் சௌக்கில் இறங்கி மஞ்சள் லைன் மாறி விஸ்வவித்யாலயா வரை நசுங்கப் போகிறவன் அவன்தானே.

லிஸ்ட் நீளமாக இருக்கட்டும். ஏறத்தாழ 71,000 இடங்கள் இருக்கின்றன, நீயோ பதினைந்து வரியில் முடித்திருக்கிறாய். பணம் வாங்கிக்கொண்டு லிஸ்ட் போட்டுத் தருகிறேன் என்று வாட்ஸ்அப்பில் வருகிறவர்களை அண்டவிடாதே. முதல் சுற்றில் இடம் ஒதுக்குவதற்கு முன்னால் ஒத்திகை மாதிரி ஒரு உத்தேச ரேங்க் வரும், லிஸ்டைத் திருத்தக் கொஞ்ச அவகாசமும் தருவார்கள். அன்றைக்குத்தான் உனக்குக் கை பரபரக்கும். அடியில் எத்தனை வேண்டுமானாலும் சேர். மேலே இருப்பதைத் தொடாதே.

இடம் ஒதுக்கினால் குறித்த நேரத்துக்குள் 'அக்செப்ட்' கொடுக்க வேண்டும். பிடிக்காவிட்டாலும் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் அடுத்த சுற்றிலேயே ஆள் இல்லை. காலேஜ் சான்றிதழ்களைப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு பணம் கட்டினால்தான் இடம் நம்முடையது. பிறகு 'அப்கிரேட்' கேட்டால், மேலே உள்ள வரி கிடைத்த நிமிஷமே பழைய இடம் போய்விடும், திரும்பி வர முடியாது. கிடைத்ததே போதும் என்றால் 'ஃப்ரீஸ்'. இதை அவளிடம் ஒருமுறை சொல்லிவிட்டு, பட்டனை அவளையே அழுத்தச் சொல்.

உனக்கு வேலை இல்லை என்று நினைக்காதே. சான்றிதழெல்லாம் உன் தலையில்தான். பத்தாம் வகுப்பு மார்க்‌ஷீட்டில் அவள் பேர் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாவற்றிலும் இருக்க வேண்டும். ஆதாரில் இனிஷியலை விரித்து உன் முழுப் பேரைப் போட்டு வைத்திருக்கிறாய் அல்லவா, அதை இன்றைக்கே பார். ஊரில் வாங்கிய பி.சி. சர்டிபிகேட் இங்கே செல்லாது. மத்திய அரசுப் படிவத்தில் ஓ.பி.சி. நான்-கிரீமி லேயர் வேண்டும், அதுவும் இந்த நிதியாண்டில் வாங்கியதாக. சித்தப்பாவை நாளைக்கே இ-சேவை மையத்துக்கு அனுப்பு. அவள் ஒரே பெண் என்பதால், 2024 முதல் ஒவ்வொரு காலேஜிலும் ஒவ்வொரு படிப்புக்கும் தனியாக ஒரு இடம் வைத்திருக்கிறார்களே, அந்தக் கட்டத்தையும் டிக் செய்தாளா என்று கேள்.

அம்மாவிடம் மட்டும் இதைப் படித்துக் காட்டாதே. பேத்தி எஸ்.ஆர்.சி.சி.யில் படிக்கப் போகிறாள் என்று கோயிலில் எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டதாம். அவரை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அக்கா