நெருங்கி அடிக்கும் மந்திரத்துக்கு என்ன கூலி? – ஒரு திறந்த மடல்

ஐந்தாம் பதிப்பு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டுக்குப் புது மெலீ (எதிரியை நெருங்கி அடிக்கும்) மந்திரங்கள் எழுதும் நண்பர்களுக்கு,

வணக்கம். புது மந்திரம் ஒன்று வந்தால் எல்லாருடைய கண்ணும் முதலில் டேமேஜ் பகடைக்குத்தான் (எவ்வளவு அடி விழும் என்று உருட்டுவது) போகிறது. அதிகமா, குறைவா என்று அதிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. நான் கேட்க நினைப்பது வேறு. கவசம் இல்லாத ஒரு விசார்டை (மந்திரவாதிப் பாத்திரத்தை) எதிரிக்கு ஐந்து அடிக்குள் போய் நிற்கச் சொல்கிறீர்கள். அந்த ஆபத்துக்கு உங்கள் மந்திரம் என்ன கூலி கொடுக்கிறது?

பல நேரம் ஒன்றும் கொடுப்பதில்லை. வாம்பயரிக் டச்சை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் லெவல் மந்திரம், பட்டால் 3டி6 (ஆறு பக்கப் பகடை மூன்று), சராசரி பத்தரை. அதில் பாதி நமக்கு ஹிட் பாயிண்டாக, அதாவது உயிர்ப் புள்ளியாகத் திரும்பும். அதே ஸ்லாட்டில் (மந்திரம் போடுவதற்கான ஒதுக்கீட்டில்) ஃபயர்பால் என்ற தீப்பந்து மந்திரம் போட்டால் 150 அடி தள்ளி நின்றுகொண்டு ஒரு கூட்டத்தின் மேலேயே 8டி6 கொட்டலாம். வாம்பயரிக் டச் ஒரு நிமிடம் வரை சுற்றுக்குச் சுற்று அடிக்குமே என்பீர்கள். அடிக்கும், கான்சென்ட்ரேஷன் (மந்திரத்தை நிலைநிறுத்தும் கவனம்) தாங்கினால்! பக்கத்தில் நிற்பதால் அடி விழுகிறது, அடி விழுந்தால் கான்ஸ்டிட்யூஷன் சேவ் (உடல் தாங்குமா என்று ஒரு பகடை வீச்சு), அது தவறினால் மந்திரமே போச்சு. ஒரே ஆபத்துக்கு இரண்டு முறை வசூல் செய்கிறீர்கள்.

சரி, பகடையை ஏற்றிவிட்டால் தீர்ந்துவிடுமா? 2014 விதிகளில் இன்ஃபிளிக்ட் வூண்ட்ஸ் என்ற தொட்டு அடிக்கும் மந்திரம் முதல் லெவலிலேயே 3டி10, சராசரி பதினாறரை. கைடிங் போல்ட் மந்திரமோ 4டி6, சராசரி 14. ஆனால் 120 அடியிலிருந்து போடலாம், அடுத்து அந்த எதிரியைத் தாக்குபவருக்கு அட்வான்டேஜும் (இரண்டு முறை உருட்டி நல்லதை எடுப்பது) கிடைக்கும். இரண்டரைப் புள்ளிக்காக யார் முன்னால் போவார்கள்? அதே மந்திரத்தை ஓர் எதிரிப் பூசாரி போட்டு கிரிட்டிகல் (டேமேஜ் பகடை இருமடங்காகும் உச்ச வீச்சு) விழுந்தால் 6டி10. பத்து ஹிட் பாயிண்ட் உள்ள முதல் லெவல் பாத்திரம் மயங்கி விழக்கூட வாய்ப்பில்லாமல் நேராகச் செத்துப்போகலாம். 2024 விதிகளில் தாக்குதல் வீச்சை எடுத்துவிட்டு கான்ஸ்டிட்யூஷன் சேவ், 2டி10, சேவ் ஆனாலும் பாதி என்று மாற்றினார்கள். கிரிட்டிகல் தொல்லை ஒழிந்தது. மந்திரம் கொஞ்சம் சப்பென்று ஆனது உண்மைதான், ஆனாலும் அந்த மாற்றம் எனக்குப் பிடித்தது.

நன்றாக அமைந்த மெலீ மந்திரம் எது என்று கேட்டால் 2015-ல் வந்த, ஆயுத அடியோடு சேர்த்துப் போடும் பூமிங் பிளேடைச் சொல்வேன். ஐந்தாம் லெவல் ஃபைட்டர் (போர்வீரர்) லாங்ஸ்வார்டோடும் (1டி8) +4 ஸ்ட்ரெங்த்தோடும் இரண்டு அடி அடிக்கிறார். இரண்டும் பட்டால் சராசரி 17. அதே கையில் பூமிங் பிளேடு என்றால் ஒரே அடி, கூடவே மந்திரத்தின் 1டி8, சராசரி 13. அடி வாங்கியவர் தானாக நகர்ந்தால் மேலும் 2டி8, மொத்தம் 22. நகர்வதா, அங்கேயே நிற்பதா என்ற முடிவை எதிரியின் தலையில் கட்டுவதுதான் இதன் அழகு. வெறும் அடியில் ஃபைட்டர் முந்துகிறார். எதிரியை ஓரிடத்தில் கட்டிப்போடுவது மந்திரத்தின் வேலை. ரோக் (பதுங்கி அடிக்கும் தந்திரக்காரர்) கையில் கிடைத்தால் இன்னும் வேடிக்கை: அடித்துவிட்டு, கூடுதல் செயலான கன்னிங் ஆக்‌ஷனில் விலகி ஓடிவிடுவார், துரத்தினால் இடி விழும். வில் வைத்திருக்கும் எதிரியிடம் இந்தத் தந்திரம் பலிக்காது என்பதால் இதுவும் அளவோடு நிற்கிறது.

அப்புறம் 2020-ல் பிளேட்சிங்கர் (வாள் வீசும் விசார்ட்) திருத்தம் வந்தது. ஆறாம் லெவலில் இரண்டு அடி, அதில் ஒன்றுக்குப் பதில் ஒரு கான்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத சிறு மந்திரம்; பூமிங் பிளேடு அப்படி ஒன்று). பூமிங் பிளேடின் டேமேஜில் ஒரு பகடைகூட மாறவில்லை. ஆனால் ஆயுதமும் திறன் புள்ளியும் சமமாக இருந்தால், ஃபைட்டரின் இரண்டு அடியும் அதன்மேல் ஒரு 1டி8-உம் இப்போது ஃபயர்பால் போடத் தெரிந்த ஒரு விசார்டுக்குச் சொந்தம். ஃபைட்டர் ஆடுகிறவர் மேசையில் எதற்கு உட்கார்ந்திருக்கிறார்? ஆக்‌ஷன் சர்ஜ் (ஒரே சுற்றில் இன்னொரு செயல்) இருக்கிறதே, ஹிட் பாயிண்ட் அதிகமாயிற்றே என்பதெல்லாம் சரிதான். ஆனாலும் சுற்றுக்குச் சுற்று வாள் வீசுவது அவருடைய சோறு. அதில் கை வைக்கக்கூடாது.

ஆகவே ஆயுத அடியை உள்ளே வைத்து மந்திரம் எழுதினால், அதைச் சும்மா ஒரு விசார்டிடம் கொடுத்துச் சோதிக்காதீர்கள். பிளேட்சிங்கரிடம் கொடுங்கள், ஸ்னீக் அட்டாக் (கூடுதல் டேமேஜ்) உள்ள ரோக்கிடம் கொடுங்கள், வார் காஸ்டர் என்ற சிறப்புத் திறன் எடுத்தவரிடம் கொடுத்து எதிரி விலகும்போதும் போட வையுங்கள். 5, 11, 17 ஆகிய லெவல்களில் ஃபைட்டரின் கணக்கைப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

கூலியை நகர்வாகக் கொடுக்கவும் வழி இருக்கிறது. ஸ்டீல் விண்ட் ஸ்ட்ரைக் 30 அடிக்குள் ஐந்து பேர்வரை தாக்குகிறது, ஆளுக்கு 6டி10. முடிந்ததும் அவர்களில் யார் பக்கத்தில் தோன்றுவது என்பது நம் விருப்பம். வேண்டாமென்றால் நின்ற இடத்திலேயே இருந்துகொள்ளலாம். அது ஐந்தாம் லெவல் மந்திரம். முதல், இரண்டாம் லெவல்களுக்கு அதில் ஒரு துளி போதும்: அடி பட்டால் எதிரியின் ரியாக்‌ஷன் (பதிலுக்குச் செய்யும் ஒரு செயல்) போகட்டும், அல்லது அடித்தவர் பத்து அடி பின்வாங்கட்டும். உங்கள் அடுத்த வரைவில் இப்படி இரண்டு மந்திரமாவது எழுதி, கான்சென்ட்ரேஷன் இல்லாமல் சோதனைக்கு விடுங்கள். ஆடிப் பார்த்துக் கணக்கோடு எழுதுகிறோம்.

இப்படிக்கு,
முன்வரிசையில் அடி வாங்கும் ஒரு விசார்ட்